உப்புக்காற்றில் ஒடுக்கெடுப்பது: இராமநாதபுரத்து டிங்கரிங் பட்டறை ஒன்றைப் பற்றி

சென்ற மாசி மாதம் என் காரை டிங்கரிங் வேலைக்கு விட்ட பட்டறையைப் பற்றி, வேலை முடிந்த சூட்டோடு எழுதாமல், ஓர் ஐப்பசி கார்த்திகை மழையைக் கடந்த பிறகே எழுதுவது என்று அன்றே முடிவு செய்திருந்தேன். இந்தக் கடற்கரையில் பெயிண்ட் வேலையின் தரம் காரைத் திரும்ப எடுக்கும் நாளில் தெரிவதில்லை. அன்றைக்கு எல்லாப் பட்டறைகளின் வேலையும் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு மழைக்காலமும் அதற்குப் பிந்தைய பனியும் உப்பும் சேர்ந்து சோதித்த பிறகுதான் எது வேலை, எது பூச்சு என்று தெரிகிறது. இப்போது தை பிறந்துவிட்டது. நான் நம்பிக்கையோடு எழுதலாம்.

பட்டறை இராமநாதபுரத்தில், பட்டணம்காத்தானைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு மண்பாதையில் இருக்கிறது. தகரக் கொட்டகை ஒன்று, அதற்குள் தார்ப்பாயால் நான்கு பக்கமும் அடைத்த பெயிண்ட் அறை ஒன்று, வேலைக்கு மூன்று பேர், அவ்வளவுதான். பெரியவரை எல்லோரும் பாய் என்றே அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். ஏழு இடங்களில் அடிபட்ட காரை அவரிடம் கொண்டுபோனேன். அவற்றுள் மூன்றை மட்டும் செய்துகொடுத்து, நான்கைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அதற்கு முந்தைய வாரம் வேறோர் இடத்தில் இதே காருக்கு இரண்டு பக்கமும் முழுக்கப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும் என்று 26,000 ரூபாய் கேட்டிருந்தார்கள். பாயிடம் நான் கொடுத்தது 8,400 ரூபாய். பணம் மிச்சமானதை விட, எதைச் செய்ய வேண்டும், எதை விட வேண்டும் என்பதை அவர் பிரித்த விதமே என்னை எழுத வைத்தது.

நான் பாம்பன் பாலத்துக்கு இப்பக்கமுள்ள கடலோர ஊரான மண்டபத்தில் குடியிருக்கிறேன். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி அவை எவ்வளவு வேகமாக அரிக்கின்றன என்று அளந்து பார்க்கும் இடங்களுள் எங்கள் மண்டபமும் ஒன்று. பாம்பனில் 1914 முதல் நின்ற பழைய இரயில் பாலம், எத்தனையோ முறை பெயிண்ட் அடித்தும் பாகங்களை மாற்றியும் பராமரிக்கப்பட்டு, கடைசியில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்தும் நிலைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அத்தனை பெரிய இரும்பையே இந்தக் காற்று விடவில்லை என்றால், முக்கால் மில்லிமீட்டர் கனமுள்ள கார்த் தகட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ அதில் பாதிக்கும் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். எனவே மழையே பெய்யாத சித்திரை நாளிலும், கடலோரத்தில் நிற்கும் காரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. பெயிண்ட் உடையாத வரையில் அது ஒன்றும் செய்யாது. பெயிண்டில் கடுகளவு வாய் திறந்தாலும் உள்ளே இறங்கி, தகட்டுக்கும் பெயிண்டுக்கும் நடுவே பக்கவாட்டில் பரவத் தொடங்கிவிடும்.

ஆகவே மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் ஒடுக்கின் ஆழத்தையும் அது கண்ணில் படும் இடத்தையும் பார்த்து முடிவெடுக்கலாம். நாம் பார்க்க வேண்டியது பெயிண்ட் உடைந்திருக்கிறதா என்பதை மட்டுமே. இதை நான் பாயிடம் கற்றுக்கொண்டேன். அவர் முதலில் செய்த வேலை, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் அடிபட்ட ஏழு இடங்களையும் துடைத்து, காயவிட்டு, காலை வெயில் சாய்வாக விழும்படி காரைத் திருப்பி நிறுத்தியதுதான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வோர் இடத்தையும் கண்ணால் பார்த்தார், விரல் நகத்தால் வருடினார், குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவது போன்ற சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி வைத்துப் பார்த்தார். இதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. விலை என்ற பேச்சே அதுவரை வரவில்லை.

விட்டுவிடச் சொன்னவற்றை முதலில் சொல்கிறேன். இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்துக்கு அருகே நிறுத்தியிருந்தபோது, பக்கத்து வேனின் கதவு இடித்ததில் இடது பின்கதவில் உள்ளங்கையகலத்துக்கு ஓர் ஒடுக்கு விழுந்திருந்தது. ஏழிலும் என் கண்ணை அதிகம் உறுத்தியது அதுதான். கோணம் மாறும்போது அதில் வானம் வளைந்து தெரியும். வீட்டில் எல்லோரும் முதலில் அதை எடுத்துவிட்டு வாருங்கள் என்றே சொல்லி அனுப்பினார்கள். பாய் அதை நகத்தால் இரண்டு முறை வருடிவிட்டு, “பெயிண்ட் உடையல சார். கம்பெனி பெயிண்ட்டு, நான் அடிக்கிறதை விட நல்லா ஒட்டியிருக்கு. இதை உரிச்சு நான் பட்டி வைக்கணுமா? வேணாம், விட்டுருங்க” என்றார். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்யப் பூசும் பசை. தொழிற்சாலையில் வெறும் தகட்டை அப்படியே தொட்டிக்குள் அமிழ்த்தி, மின்சாரம் பாய்ச்சி ஏற்றும் அடிப்பூச்சு மூலைமுடுக்கெல்லாம் ஏறி, அடுப்பில் வெந்து இறுகுகிறது. எந்தப் பட்டறையாலும் அதைத் திரும்பச் செய்ய முடியாது. அந்த அடிப்பூச்சு முழுதாக இருக்கும்போது, அழகுக்காக அதைச் சுரண்டி எடுப்பது இந்த ஊரில் நாமே துருவுக்கு வழி திறந்துவிடுவதாகும். பெயிண்டைத் தொடாமல், உள்பக்கத்திலிருந்து கம்பியால் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தித் தகட்டை வெளியே கொண்டுவரும் முறை ஒன்று உண்டு. இந்த ஒடுக்கு அதற்கு ஏற்றது, ஆனால் தனக்கு அந்தக் கை வராது, மதுரையில் செய்பவர்கள் இருக்கிறார்கள், அந்தப் பக்கம் போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். தனக்குத் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்லி, வேறு ஊருக்கு வழிகாட்டும் பட்டறைக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை.

பானெட்டில் தென்னங்குரும்பை விழுந்து உண்டான சிறு பள்ளத்துக்கும் இதே தீர்ப்புதான். முன் பம்பரின் தேய்ப்பு பிளாஸ்டிக்கில் விழுந்தது, அதற்குத் துருவே கிடையாது என்பதால், கிளிப்புகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றனவா என்று மட்டும் ஆட்டிப் பார்த்தார். சீமைக்கருவேல முள் இழுத்த கீறல்கள் எங்கள் மாவட்டத்தில் ஓடும் எல்லாக் கார்களின் இரு பக்கமும் உண்டு. ஊருக்குள் பிரியும் ஒற்றைத் தடச் சாலைகளில் எதிரே பேருந்து வந்தால் முள்ளுக்குள் ஒதுங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அவற்றின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தபோது நகம் எங்கும் தடுக்கவில்லை. தடுக்கவில்லை என்றால் மேலே இருக்கும் தெளிந்த பூச்சில் மட்டுமே கீறல் என்று பொருள். பாலிஷ் போட்டுத் தரச் சொன்னேன். அந்தப் பூச்சே சுமார் 40 மைக்ரான்தான் இருக்கும், ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிடும், முள் நாளையும் கீறும், எத்தனை முறை தேய்ப்பீர்கள் என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

செய்தே ஆக வேண்டும் என்றவற்றில் முதலாவது, பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரு ஷேர் ஆட்டோ உரசியதில் இடது முன் ஃபெண்டரில் விழுந்த மடிப்பு. பாலத்தின் மேல் வண்டிகளை நிறுத்திக் கடலையும் இரயில் பாலத்தையும் பார்க்கும் கூட்டம் எந்நேரமும் இருப்பதால் அங்கே உரசல் புதிதன்று. கதவின் ஒடுக்கோடு ஒப்பிட்டால் இது நீளத்தில் ஒரு சாணுக்கும் குறைவு, ஆழமும் இல்லை, நான் பொருட்டாகவே எண்ணவில்லை. ஆனால் மடிப்பின் முதுகில் தலைமுடி போன்ற விரிசல் ஓடியிருந்தது. அது விழுந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஈரத்துணியால் துடைத்தபோது துணியில் தேநீர்க் கறை போலப் பழுப்பு ஒட்டியது. “கதவுல இருக்கிறது தழும்பு சார். இதுதான் புண்ணு” என்றார்.

இரண்டாவது, வலது பின்சக்கர வளைவு. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் ஒரு ஒடுக்கு விழுந்தபோது, அவசரத்தில் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் விட்டு ஒரே நாளில் எடுத்துவந்தேன். மறு ஆண்டு மழைக்குப் பிறகு அங்கே அரிசியளவில் ஒரு கொப்புளம் எழுந்தது, அதற்கடுத்த ஆண்டு அது புளியங்கொட்டையளவு ஆகிப் பக்கத்தில் இரண்டு குட்டியும் போட்டது. பாய் துணி சுற்றிய காந்தத்தை அங்கே வைத்தார், அது நிற்காமல் கீழே விழுந்தது. சுரண்டியைக் கொப்புளத்தின் ஓரத்தில் கொடுத்து நெம்பியதும், பெயிண்டோடு பட்டி ஒரு சில்லாகப் பெயர்ந்து அவர் கையில் வந்தது. ஒடுக்கை இழுத்து எடுக்காமல் பள்ளத்தை அப்படியே பட்டியால் நிரப்பியிருக்கிறார்கள். சில்லின் கனம் நான்கு மில்லிமீட்டருக்குக் குறையாது. அதன் அடிப்பக்கம் நனைந்து, பழுப்பும் கறுப்புமாக, கிணற்றடியில் கிடக்கும் ஓட்டுத் துண்டைப் புரட்டியது போல இருந்தது. வெளியே மழை பெய்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தும் உள்ளே ஈரம் காயவில்லை. தகட்டில் ஊசி நுழையும்படி இரண்டு துளைகள் விழுந்திருந்தன.

அந்தச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட கேள்வி, எந்தத் தண்ணீரில் தேய்த்தார்கள் என்பது. எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு முற்றத்தில் இருந்த போர்வெல் குழாயைக் காட்டினார். குழாயின் வாயைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக உப்புப் பொரிந்திருந்தது, கீழே சிமெண்டுத் தரையும் பொரிந்து உதிர்ந்திருந்தது. அதற்குப் பக்கத்திலேயே, வாய் மூடிய இருபது லிட்டர் குடிநீர்க் கேன்கள் இரண்டு. பட்டியைத் தண்ணீர் விட்டே தேய்க்கக் கூடாது, உலர்ந்த உப்புத்தாளால்தான் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பட்டி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்றார். பிரைமருக்கு மேல் வாட்டர் பேப்பர் போடும்போதுதான் தண்ணீர். அந்தத் தண்ணீரும் காசு கொடுத்து வாங்கிய கேன் தண்ணீர் மட்டுமே. போர்வெல் நீரில் தேய்த்துவிட்டுக் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால், உள்ளே இருக்கும் உப்பு வெளி ஈரத்தைப் பெயிண்டின் ஊடாகவே இழுத்துக் கொப்புளம் ஆக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் வராத நாளில் குடிக்கவே குடம் பார்த்து வாங்கும் ஊரில், காரைத் தேய்க்கக் குடிநீர் வாங்குகிற ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. இராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி என்று எங்கே காரை விடுவதாக இருந்தாலும், பெயிண்ட் எந்தக் கம்பெனி என்று கேட்பதற்கு முன், எந்தத் தண்ணீரில் தேய்ப்பீர்கள் என்று கேளுங்கள். நான் இந்த மதிப்புரையை எழுதுவதே பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

வளைவை அவர் செய்த முறையை அருகே இருந்து பார்த்தேன். துளை விழுந்த பகுதியைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். சுற்றிலும் தகடு வெள்ளையாகத் தெரியும் வரை துருவை அரைத்து எடுத்து, கேன் தண்ணீரால் இரண்டு முறை துடைத்து, வெயிலில் காயவைத்து, நுண்துளைகளில் எஞ்சிய துருவுக்கு ஃபாஸ்பாரிக் அமிலக் கலவை தடவினார். அதையும் கழுவிக் காயவைத்த பிறகு எபாக்சி பிரைமர் அடித்து ஒரு நாள் விட்டார். அந்தப் பிரைமருக்கு மேலேதான் பட்டி வந்தது. அதுவும் தகட்டைச் சுத்தியலாலும் தாங்கியாலும் தட்டிச் சமன்செய்த பிறகு, காகிதக் கனத்துக்கு. உள்பக்க அட்டையைக் கழற்றி, பற்றவைத்த இடத்தின் பின்புறத்திலும் மெழுகுப் பூச்சு அடித்தார். பற்றவைக்கும் சூட்டில் பின்பக்கப் பெயிண்ட் எரிந்துபோகும், அதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்டுவிட்டால் துரு அங்கிருந்து தொடங்கும் என்றார்.

மூன்றாவது வேலை மிகச் சிறியது. அதைத்தான் நான் கேட்கவே இல்லை. தனுஷ்கோடியின் முனையான அரிச்சல்முனை வரை சாலை 2017இல் திறந்ததிலிருந்து வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை அங்கே அழைத்துச் செல்வது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஆடிக்காற்றில் அந்தச் சாலையின் குறுக்கே மணல் ஓடிக்கொண்டே இருக்கும். அது கதவுக்குக் கீழுள்ள ஓரத் தகட்டில் பொட்டுப் பொட்டாகப் பெயிண்டை எடுத்திருந்தது. பொட்டுகளைச் சுத்தம் செய்து, பிரைமரும் டச்சப் பெயிண்டும் மெல்லிய தூரிகையால் வைத்தார். பிறகு கதவுகளின் அடியில் நீர் வடிய விட்டிருக்கும் துளைகளைக் கம்பியால் குத்தினார். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஈர மணல் கொட்டியது. இடது பின்கதவிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி. தண்ணீர் வடிய வழியில்லாமல் கதவுக்குள் உப்பு மணல் ஊறிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கதவின் வெளிப்பக்க ஒடுக்கைப் பற்றித்தான் நான் மாதக்கணக்கில் கவலைப்பட்டிருந்தேன்.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதை வைத்தே முடிவெடுக்கிறார்கள். கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு வரை தள்ளுபடி கிடைக்கிறது. ஒரே ஒரு கிளெய்ம் வைத்தாலும் அடுத்த புதுப்பித்தலில் அது சுழியத்துக்கு வந்துவிடும். எனக்கு 50 விழுக்காடு ஓடிக்கொண்டிருக்கிறது. 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாயை நாமே ஏற்க வேண்டும். வெவ்வேறு நாளில் பட்ட அடிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரு கிளெய்மாக வைக்க முடியாது. துரு என்பது தேய்மானம், அதற்குக் காப்பீடே இல்லை. ஆக ஃபெண்டர் ஒன்றுக்கு மட்டுமே நான் கேட்டிருக்க முடியும். அதன் கூலி 3,200 ரூபாய். அதற்காக ஐந்தாண்டுத் தள்ளுபடியை இழப்பது எந்தக் கணக்கிலும் சரிவரவில்லை. கதவே உள்ளே போகும்படி பெரிய அடி என்றால் கணக்கு வேறு. அப்போது தயங்காமல் கிளெய்ம் வைக்க வேண்டும்.

இனி குறைகள். நான்கு நாளில் தருவதாகச் சொன்ன காரை ஏழாம் நாள்தான் தந்தார். நடுவில் இரண்டு நாள் கொண்டல் காற்று ஈரமாக வீசியதால் பெயிண்ட் அடிக்கவில்லை என்பது காரணம். காரணம் நியாயமானது, ஆனால் அதை ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லியிருக்கலாம். நான் அழைத்தபோதும் பாதி நேரம் எடுக்கவில்லை, மண்டபத்திலிருந்து பேருந்தில் ஒரு நடை வீணாகப் போய்வந்தேன். மதிப்பீட்டை எழுதித் தருவதில்லை, வாய்வார்த்தைதான். வார்த்தை மாறவில்லை என்றாலும், காப்பீட்டுக்கோ அலுவலகத்துக்கோ இரசீது தேவைப்படுவோர் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும். என் கார் வெள்ளி நிறம். அதிலுள்ள உலோகத் துகள்கள் படியும் விதத்தைப் பொறுத்து நிறம் மாறித் தெரியும் என்பதால், ஒட்டியிருக்கும் கதவின் மேல் கொஞ்சம் படரவிட்டுக் கலந்தால்தான் பொருந்தும். கம்பெனிப் பெயிண்டைத் தொட வேண்டாம் என்று அதைத் தவிர்த்துவிட்டார். எனவே மாலை வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் ஃபெண்டர் ஒரு சாயல் கூடுதலாகத் தெரிகிறது. நிறம் துல்லியமாக வேண்டும் என்பவர்களுக்கு இது பெரிய குறையாகப் படலாம். அவர்கள் அதைக் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

காலத்தைப் பற்றி ஒன்று. மாசி, பங்குனியில் கொண்டுபோங்கள். ஆடி, ஆவணியில் புழுதிக்காற்றும், ஐப்பசி முதல் மார்கழி வரை ஈரமும் பெயிண்டுக்கு எதிரி. அந்த மாதங்களில் பெயிண்ட் உடைந்தால், இடத்தை நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவி விட்டுவிடுங்கள், மாசி வரை தாங்கும் என்று பாய் சொன்னார். நான் இப்போது தனுஷ்கோடி போய்வந்த அன்றே, இரவானாலும், இரண்டு வாளி நல்ல தண்ணீரை ஒதுக்கி, சக்கர வளைவுகளையும் கதவின் அடி ஓரத்தையும் மட்டுமாவது கழுவிவிடுகிறேன். மேல்பாகம் மறுநாளுக்குக் காத்திருக்கலாம்.

போன வாரம் அதே சாய்வு வெயிலில் காரை நிறுத்தி, நனைத்த வெள்ளைத் துணியால் வலது பின்வளைவைத் துடைத்துப் பார்த்தேன். கொப்புளம் ஏதும் இல்லை. ஃபெண்டரையும் துடைத்தேன், துணியில் புழுதி மட்டுமே ஒட்டியது. கதவின் அடித்துளைகளில் கம்பியை விட்டபோது சிட்டிகையளவு உலர்ந்த மணல் விழுந்தது. பின்கதவின் ஒடுக்கு அப்படியே இருக்கிறது. பங்குனியில் மதுரைக்கு ஒரு திருமணத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அந்தக் கம்பிவேலைக்காரரை அப்போது பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.